ஈயமும் செம்பும்: சன்னத்தின் சரித்திரம்

ஒரு சிறு பொருளின் சரித்திரத்தை முற்றாக அறிய முயல்பவன், தான் தேடிப் போனதிலும் பெரியதொரு சரித்திரத்தின் வாயிலிலே வந்து நிற்கிறான். உப்பின் கதை வரியின் கதையாகிறது. பஞ்சின் கதை அடிமைகளின் கதையாகிறது. தேயிலையின் கதை மலைநாட்டுத் தொழிலாளரின் கதையாகிறது. துப்பாக்கிச் சன்னமும் அத்தகையதொரு பொருளே. விரல் நுனியளவினதான அவ்வுலோகத் துண்டினுள் சுரங்கத் தொழிலாளியின் உழைப்பும், இரசாயனியின் அறிவும், ஏகாதிபத்தியத்தின் தேவையும், சட்டத்தின் கபடமும் ஒன்றாக அடங்கிக் கிடக்கின்றன. போர்க்காலத்தில் வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி விளையாடிய தலைமுறையொன்று வளர்ந்த நாடு நம் நாடு. ஆதலின் இப்பொருளின் சரித்திரத்தை ஆராய்வது நமக்கு வேண்டாத வேலையன்று.

ஐக்கிய அமெரிக்காவிலே இன்றும் தம் வீட்டின் பின்னறையில், மேசையொன்றில் கைநெம்பினால் இயங்கும் அழுத்தியைப் பூட்டிவைத்து, தமக்கு வேண்டிய சன்னங்களைத் தாமே செய்துகொள்வோர் பலர் உளர். மெல்லிய செம்புறையொன்றினுள் ஈயத்துண்டை இட்டு, உருக்காமல், குளிர்ந்த நிலையிலேயே அச்சினுள் வைத்து அழுத்தி உருவாக்குவது அவர்தம் முறை. இதனை அவர்கள் ‘சுவேஜிங்’ என்பர். வேட்டைக்காரரும், குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் ஈடுபடுவோரும் பொழுதுபோக்காகப் பயிலும் கைத்தொழில் அது. வெளிப்பார்வைக்குக் குற்றமற்ற சிறு தொழிலே. ஆயினும் செம்புறை எதற்காகத் தோன்றியது, அதனை முதலிற் பெரும் அளவிற் செய்தவர் யார், எவருடைய உடல்கள்மீது அது சோதிக்கப்பட்டது, பின்னர் அது எவ்வாறு வீட்டு மேசைக்கு வந்தது என்ற வினாக்களை எழுப்பினால், கதை அமெரிக்க வீட்டோடு நின்றுவிடுவதில்லை. கல்கத்தாவுக்கும், நைல் நதிக்கரைக்கும், ஹேக் நகரத்து மாளிகைக்கும் நம்மை இட்டுச் செல்கிறது.

1

சன்னம் செய்வது ஆதியில் அடுப்படி வேலையாகவே இருந்தது. ஈயம் 327 பாகை சென்ரிகிரேட்டில் உருகிவிடும்; விறகடுப்பும் இரும்புக் கரண்டியும் போதும். நீரைவிடப் பதினொரு மடங்குக்கு மேற்பட்ட அடர்த்தியுடையது. ஆகவே சிறு உருவிலும் பெரும் பாரத்தைத் தாங்கி வெகுதூரம் செல்லும். அக்காலத்துத் துப்பாக்கிகள் கைவினைஞராற் தனித்தனியே செய்யப்பட்டவை. ஒன்றின் குழலளவு மற்றொன்றின் அளவோடு ஒத்திருப்பதில்லை. எனவே துப்பாக்கியை விற்ற கொல்லன் அதற்குப் பொருந்தும் வார்ப்பச்சையும் சேர்த்தே கொடுத்தான். வட அமெரிக்காவிற் குடியேறிய உழவனின் வீட்டிலே சோற்றுப்பானைக்கு அருகில் ஈயக் கரண்டியும் இருந்தது. வார்க்கும் வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள் வீட்டுப் பெண்களும் சிறுவர்களுமே.

இதற்குச் சரித்திரப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1776ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் திகதி, சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்டதைக் கேட்ட நியூயோர்க் மக்கள், மூன்றாம் ஜோர்ஜ் மன்னனின் சிலையைக் கயிறு கட்டி இழுத்து வீழ்த்தினர். பொன்முலாம் பூசப்பட்ட அச்சிலை உள்ளே ஈயமாக இருந்தது. அதன் துண்டுகள் கனெற்றிகற் மாநிலத்து லிச்பீல்ட் என்னும் ஊருக்கு வண்டிகளிற் கொண்டுசெல்லப்பட்டு, ஒலிவர் வோல்கொட் என்பாரின் தோட்டத்திலே, பெண்களாலும் பிள்ளைகளாலும் சன்னங்களாக வார்க்கப்பட்டன. வார்த்தவர்கள் கணக்கும் எழுதிவைத்தனர்: 42,088 சன்னங்கள். மன்னனின் உருவமே மன்னனின் படைமீது பாயும் பொருளாக மாற்றப்பட்ட அந்நிகழ்ச்சியில், உற்பத்திக் கருவி மக்களின் கையில் இருக்கும்போது என்ன நேரலாம் என்பதற்கான பாடம் ஒன்று அடங்கியிருக்கிறது. அதே மக்கள் வார்த்த சன்னங்கள் அக்கண்டத்தின் ஆதிக்குடிகள்மீதும் பாய்ந்தன என்பதும் உண்மை. முதற் பாடத்தைப் போற்றுவோர் இரண்டாவதை மறைத்தலாகாது.

இக்காலத்தை அடுத்துத் தொழிற்புரட்சியின் கை சன்னத்தின்மீதும் விழுந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஈயத் தொழிலாளியான வில்லியம் வாட்ஸ் என்பவர், உருகிய ஈயத்தை உயரத்திலிருந்து சல்லடை வழியாக விழச்செய்தால், துளிகள் காற்றிலேயே உருண்டு திரண்டு, கீழேயுள்ள நீரில் உறைந்துவிடும் எனக் கண்டு 1782இல் உரிமைப்பத்திரம் பெற்றார். தம் வீட்டின் தளங்களைத் துளைத்துக் கூரைக்கு மேலே கோபுரமும் எழுப்பி அவர் இதனைச் செய்துகாட்டினார். அதன்பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இத்தகைய கோபுரங்கள் எழுந்தன. சிறு ரவைகளைப் பொறுத்தமட்டில் அடுப்படி தோற்றுக் கோபுரம் வென்றது.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. குழலின் உட்புறத்திற் புரிவெட்டிய துப்பாக்கியே குறி தவறாது சுடும் என்பது முன்னரே தெரிந்திருந்தது. ஆனால் புரியை இறுகப் பற்றும் குண்டை வாய்ப்புறமாக இடித்து இறக்க நெடுநேரம் சென்றது. 1849இல் பிரெஞ்சு அதிகாரி குளோட் எதியென் மினியே இதற்கொரு தீர்வு கண்டார். உருண்டைக்குப் பதிலாகக் கூம்பு வடிவம். அடிப்புறம் குடைந்த குழி. குழலுக்குள் எளிதாக இறங்கும் அளவிற் சிறிதாய் இருக்கும் சன்னம், வெடிமருந்தின் அழுத்தத்தால் அடிப்புறம் விரிந்து புரியைப் பற்றிக்கொள்ளும். பிரித்தானிய அரசு மினியேக்கு 20,000 பவுண் அளித்தது. இதையொத்த சன்னமொன்றை 1836இலேயே செய்துகாட்டிய இங்கிலாந்துத் துப்பாக்கிக் கைவினைஞர் வில்லியம் கிறீனருக்கு, அவர் நெடுநாள் முறையிட்டபின், 1,000 பவுண் கிடைத்தது.

உருண்டைக் குண்டு சிறிது நெளிந்திருந்தாலும் பாதகமில்லை. கூம்புச் சன்னமோ ஒன்றுபோல் ஒன்று இருந்தாலன்றி நேர்வழி செல்லாது. வார்ப்பிலே குமிழ்களும் வெற்றிடங்களும் தோன்றும். அச்சின் சூடும் ஈயத்தின் சூடும் மாறமாற நிறையும் மாறும். எனவே 1850களில் லண்டனை அடுத்த வூலிச் அரச தொழிற்சாலையிலே, ஈயத்தை நீண்ட கம்பியாக இழுத்து, சம அளவில் வெட்டி, எஃகு அச்சினுள் வைத்து அழுத்தும் இயந்திரங்கள் அமைக்கப்பட்டன. உருக்கி வார்த்தல் என்ற பழைய கலையிலிருந்து, குளிர்நிலையில் அழுத்தி உருவாக்கல் என்ற புதிய கலைக்குச் சன்னம் மாறிற்று. வீட்டுத் தாயின் கரண்டியிலிருந்து நீராவி இயந்திரத்தின் பல்லுக்கும், குடும்பத்திலிருந்து அரசுக்கும் உற்பத்தி இடம்பெயர்ந்தது. இன்று பொழுதுபோக்காளன் தன் மேசையிற் கையாளும் முறையின் தாய் இவ்வரச தொழிற்சாலையே.

புதிய சன்னம் பொதிந்த தோட்டா இந்தியாவுக்கு வந்தபோது நிகழ்ந்ததை அறியாதார் இலர். ஆயினும் அதன் தொடக்கத்தைப் பலர் மறந்துவிடுகின்றனர். கல்கத்தாவை அடுத்த டம்டம் என்னுமிடத்தில் என்பீல்ட் துப்பாக்கிப் பயிற்சி நிலையம் ஒன்றும் படைக்கலச் சாலையும் இருந்தன. 1857 ஜனவரியில், அங்கு பணிபுரிந்த தாழ்த்தப்பட்ட சாதித் தொழிலாளி ஒருவன் பிராமணச் சிப்பாய் ஒருவனிடம் அவன் செம்பிலிருந்து குடிக்கத் தண்ணீர் கேட்டான். தீட்டுப்பட்டுவிடும் என்று சிப்பாய் மறுத்தான். பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் பூசிய தோட்டாவை வாயாற் கடிக்கப் போகிற உனக்கு இனி என்ன சாதி என்று தொழிலாளி திருப்பிக் கேட்டதாக அக்காலத்து இராணுவ அறிக்கைகள் கூறுகின்றன. அச்செய்தி பாளையத்துக்குப் பாளையம் பரவியது. மீரட்டில் 85 குதிரைப்படைச் சிப்பாய்கள் தோட்டாவைத் தொட மறுத்து விலங்கிடப்பட்டனர். மறுநாள், மே 10ஆம் திகதி, கிளர்ச்சி வெடித்தது.

கிளர்ச்சிக்குத் தோட்டாவே காரணம் என்பது ஏகாதிபத்திய ஆசிரியர்களுக்கு வாய்ப்பான விளக்கம். நிலவரியும், 1856இல் அயோத்தி அரசு விழுங்கப்பட்டதும், நெசவாளரின் அழிவும், சிப்பாய்களின் சம்பளக் குறையும் இல்லையாயின், கொழுப்புப் பூசிய காகிதம் ஒரு பேரரசை அசைத்திருக்க முடியாது. ஆனால் தண்ணீர் கேட்ட அத்தொழிலாளியின் வாய்ச்சொல்லை நாம் எளிதிற் கடந்துவிடலாகாது. அந்நியனின் தோட்டாக்களைச் சுமப்பதற்குத் தகுதியுடைய அவன் கைகள், தன் நாட்டானின் செம்பைத் தொடத் தகுதியற்றவையாயின. நம்மூர்க் கிணற்றடிகளின் சரித்திரம் அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

3

அதே டம்டம் என்ற ஊர் நாற்பது ஆண்டுகளின் பின் மீண்டும் உலக சரித்திரத்தில் இடம்பெற்றது. அதனை விளங்கிக்கொள்ளச் செம்புறையின் பிறப்பை முதலிற் கூறவேண்டும்.

1884இல் பிரெஞ்சு இரசாயனி போல் வியெய் புகையற்ற வெடிமருந்தைக் கண்டார். இரண்டு ஆண்டுகளில் அம்மருந்தைப் பயன்படுத்தும் லெபெல் துப்பாக்கி பிரெஞ்சுப் படைக்கு வழங்கப்பட்டது. கருமருந்துத் துப்பாக்கியின் சன்னம் செக்கனுக்கு ஏறத்தாழ 400 மீற்றர் வேகத்திற் சென்றது. புதிய மருந்தோ 600 மீற்றருக்கு மேல் உந்தியது. அவ்வேகத்தையும் வெப்பத்தையும் மெல்லிய ஈயம் தாங்கவில்லை. அது புரியைப் பற்றாமல் வழுக்கியது. குழலினுள் ஈயத்தைப் பூசிச் சென்றது. சில சூடுகளிலேயே குறி கெட்டது. ஈயத்தின் பாரமும் வேண்டும். ஈயத்தினும் கடியதொரு மேற்பரப்பும் வேண்டும். இவ்விரண்டும் ஓர் உலோகத்தில் அமையா. சுவிற்சர்லாந்தின் தூண் நகரத்து இராணுவத் தொழிற்சாலையைச் சேர்ந்த எடுவார்ட் றூபின் 1882இலேயே இதற்கு வழி கண்டிருந்தார்: அகத்தே ஈயம், புறத்தே செம்புறை. உறை புரியைப் பற்றும். அகம் பாரத்தைக் கொடுக்கும். இன்றுவரை உலகிற் செய்யப்படும் உறையிட்ட சன்னங்கள் யாவும் இக்கருத்தின் வழிவந்தவையே.

உறையிட்ட சிறு சன்னம் உடலிற் புகுந்தால், பெரும்பாலும் ஒடுங்கிய துளையொன்றைச் செய்துகொண்டு மறுபுறம் வெளியேறிவிடும். ஐரோப்பிய மருத்துவர் சிலர் இதனை மனிதத்தன்மையுள்ள சன்னம் என்றும் பாராட்டினர். ஆனால் பிரித்தானியப் படையதிகாரிகளுக்கு இம்மனிதத்தன்மை உவப்பாயில்லை. 1895இல் வடமேற்கு எல்லையிலே சித்திரால் மலைவாசிகள்மீது படையெடுத்தபோது, சன்னம் பட்ட பின்னும் எதிரி வீழாமல் ஓடிவருகிறான் என்று முறையிட்டனர். டம்டம் படைக்கலச் சாலையின் பொறுப்பதிகாரியான நெவில் பேர்ட்டி கிளே இதற்கு மருந்து கண்டார். சன்னத்தின் முனையில் உறையைச் சிறிது நீக்கி ஈயத்தை வெளித்தெரிய விடுவதே அம்மருந்து. உடலிற் பட்டதும் முனை காளான்போல் விரியும், எலும்பைச் சிதைக்கும், காயம் ஆறாது. ஊரின் பெயரே சன்னத்தின் பெயராயிற்று. அதனைத் தொடர்ந்து வூலிச் தொழிற்சாலையும் முனையிற் குழியுள்ள சன்னங்களைச் செய்தது.

1898இல் சூடான் படையெடுப்பின்போது, ஜெனரல் கற்றேக்கரின் படையினர் தம்மிடமிருந்த முழுவுறைச் சன்னங்களின் முனைகளை அரத்தினால் தேய்த்து அகற்றினர். கையால் சன்னத்தைத் திருத்தும் தொழில் இங்கே மீண்டும் தோன்றுகிறது. இம்முறை உழவன் வீட்டிலன்று, ஏகாதிபத்தியப் பாளையத்திலே. அவ்வாண்டு செப்ரெம்பர் 2ஆம் திகதி ஒம்டுர்மானில் நிகழ்ந்த போரிலே, மஹ்தியவாதிகளுள் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரு காலைப் பொழுதினுள் கொல்லப்பட்டனர். பிரித்தானிய–எகிப்தியப் படையில் இறந்தோர் ஐம்பதுக்குக் குறைவு. இயந்திரத் துப்பாக்கியும் பீரங்கியும் விரியும் சன்னமும் ஒன்றுசேர்ந்து நிகழ்த்திய அதனைப் போர் என்று அழைப்பதே பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது.

மறு ஆண்டு, 1899இல், ஹேக் நகரிலே முதலாவது சமாதான மகாநாடு கூடியது. உடலில் எளிதாக விரியும் சன்னங்களை, சிறப்பாக அகத்தை முழுமையாக மூடாத உறையுடையவற்றையும் கீறல் இட்ட உறையுடையவற்றையும் பயன்படுத்தலாகாது என்று ஒரு பிரகடனம் முன்வைக்கப்பட்டது. பிரித்தானியாவின் பிரதிநிதி சேர் ஜோன் ஆர்டா அதனை எதிர்த்தார். நாகரிகமடைந்த நாட்டுச் சிப்பாய் காயப்பட்டதும் மருத்துவரை நாடிப் பின்வாங்குவான். காட்டுமிராண்டியோ காயத்தைப் பொருட்படுத்தாது பாய்ந்து வருவான். ஆகவே அவனுக்கு வேறு சன்னம் வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஐக்கிய அமெரிக்காவும் எதிர்த்து வாக்களித்தது. அவ்வாண்டிலேதான் அது பிலிப்பைன் மக்களை அடக்கப் போர்தொடங்கியிருந்தது என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஜூலை 29ஆம் திகதி ஏனைய அரசுகள் பிரகடனத்தை நிறைவேற்றின. பிரித்தானியா 1907இலேயே அதனை ஏற்றது. ஐக்கிய அமெரிக்கா இன்றுவரை அதில் ஒரு தரப்பாக இணையவில்லை.

ஏற்றுக்கொண்ட அரசுகளின் நேர்மையையும் நாம் மிகைப்படுத்தலாகாது. ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்ட அரசுகள் தமக்குள் போரிடும்போது மட்டுமே அது கட்டுப்படுத்தும் என்று பிரகடனத்திலேயே எழுதப்பட்டிருந்தது. குடியேற்ற நாட்டு மக்கள் கைச்சாத்திட அழைக்கப்படவில்லை. ஆகவே அவர்கள் உடலைக் காக்கும் சொல் எதுவும் அதில் இல்லை. ஐரோப்பியன் ஐரோப்பியனைக் கொல்லும்போது முழுவுறை. ஆபிரிக்கனையும் ஆசியனையும் கொல்லும்போது திறந்த முனை. மனிதன் என்ற சொல்லின் எல்லையை 1899இல் வரைந்தவர்கள், அவ்வெல்லையைச் செம்புறையின் விளிம்பினாலேயே வரைந்தார்கள்.

4

இனி வீட்டு மேசைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் அமெரிக்க வேட்டைக்காரன் சன்னத்தைக் கடையில் வாங்கினான். அல்லது பழைய முறையில் ஈயத்தை வார்த்தான். உறையிட்ட சன்னத்தைச் செய்வது பெருந்தொழிற்சாலைக்கே உரியது என்று கருதப்பட்டது. செம்புத் தகட்டைக் கிண்ணம் கிண்ணமாக இழுத்து உறையாக்கும் இயந்திரங்கள் தனிமனிதனின் கைக்கு எட்டாதவை.

இரண்டாம் உலக யுத்தம் இந்நிலையை மாற்றிற்று. 1941 டிசம்பரில் அமெரிக்கா யுத்தத்துட் புகுந்ததும் செம்பும் பித்தளையும் ஈயமும் இராணுவத்துக்கே ஒதுக்கப்பட்டன. செம்புப் பஞ்சம் எத்தகையது என்பதற்கு ஒரு சான்று: 1943ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சதக் காசு செம்பினாலன்றி நாகம் பூசிய உருக்கினால் அடிக்கப்பட்டது. பொதுமக்களுக்கான தோட்டா உற்பத்தி ஏறத்தாழ நின்றது. பயிரையும் மேய்ச்சல் நிலத்தையும் குழிதோண்டிக் கெடுக்கும் சிறு விலங்குகளைச் சுடுவோர் சன்னமின்றித் தவித்தனர்.

ஒரு பொருள் மட்டும் எங்கும் குவிந்து கிடந்தது: .22 என்னும் சிறு துப்பாக்கியின் வெற்றுக் கோது. மிக மலிவான அத்தோட்டாவின் கோது மீண்டும் பயன்படாதென எறியப்படுவது. அதன் சுவரோ மெல்லிய பித்தளை. அதன் விட்டமோ வேகமான சிறு வேட்டைத் துப்பாக்கிகளின் குழலளவுக்கு அண்ணளவாகப் பொருந்துவது. எறியப்பட்ட கோதையே புதிய சன்னத்துக்கு உறையாக்கலாம் என்று கைவினைஞர் சிலர் கண்டனர். கலிபோர்னியா மாநிலத்து ஒரோவில் என்னும் ஊரிலே, பிரெட் ஹன்டிங்டன் என்பவர், தம் தந்தையாரின் சலவைச் சாலையின் பின்புறத்தில் 1943இல் இதற்கான எஃகு அச்சுகளைக் கடைந்து விற்கத் தொடங்கினார். பாறைகளிடையே வாழும் மார்மொட் என்ற விலங்கை அவ்வூரார் ‘றொக் சக்’ என்பர். ‘றொக் சக் புல்லட் சுவேஜ்’ என்று தம் கருவிக்கு அவர் இட்ட பெயரின் முதலெழுத்துக்களே பின்னர் ஆர்.சி.பி.எஸ். என்ற புகழ்பெற்ற தொழிற்பெயராயின. ஐடஹோ மாநிலத்து லூயிஸ்டனில் வெர்னன் ஸ்பியரும், நெப்ராஸ்கா மாநிலத்து கிறான்ட் ஐலண்டில் ஜொய்ஸ் ஹோர்னடியும் அதே எளிய மூலப்பொருளிலிருந்தே தம் தொழிலைத் தொடங்கினர்.

முறையின் தத்துவம் எளியது. கோதைச் சூடாக்கி மென்மைப்படுத்தி அழுக்கு நீக்குவர். ஒடுங்கிய அச்சொன்றினூடே தள்ளி அதன் விளிம்பை வழித்து நேராக்குவர். அது மூடிய அடியுள்ள கிண்ணமாகும். ஈயக் கம்பியை வெட்டி அச்சினுள் அழுத்தும்போது, மிகுதியான ஈயம் சிறு துளையொன்றின் வழியே நூல்போல வெளியேறும். எஞ்சும் ஈயக்கரு ஒன்றுக்கொன்று நிறையிற் சமமாயிருக்கும். அதனை உறையினுள் இட்டு அழுத்தினால், இரண்டும் இறுகப் பொருந்தும். கடைசியாக முனை அச்சு வேண்டிய வடிவைத் தரும். ஒவ்வொரு படியிலும் பொருள் அச்சைவிடச் சிறிது ஒடுங்கியதாகவே புகுந்து, அழுத்தத்தினால் விரிந்து அச்சை நிரப்பவேண்டும். பெரிதாய்ப் புகுந்தது பின்னர் ஒருபோதும் சரிப்படாது. ஆதலால் இத்தொழிலிற் சன்னத்தின் தரம் செய்பவனின் வலிமையிலன்றி, அச்சைக் கடைந்தவனின் நுட்பத்திலேயே தங்கியிருக்கிறது. வூலிச் தொழிற்சாலையின் நீராவி இயந்திரம் செய்ததை ஒரு மனிதனின் கைநெம்பு செய்யத் தொடங்கிற்று.

இதனைக் காணும்போது முற்போக்காளர் இருவகைத் தவறு செய்யலாம். தனிமனிதன் உற்பத்திக் கருவியை மீட்டுவிட்டான் என்று மகிழ்வது ஒன்று. கொலைக்கருவிதானே என்று முகஞ்சுளித்துவிட்டுப் போவது மற்றொன்று. முதலாவதற்கு மறுமொழியை அத்தொழிலின் சரித்திரமே கூறும். அச்சைக் கடைந்தவர் நாளடைவில் தொழிலதிபரானார்; கோதைப் பொறுக்கியவர் தொழிற்சாலை கட்டினார். யுத்தம் முடிந்து செம்பும் உறைகளும் சந்தைக்கு வந்ததும், பெரும்பாலோர் செய்வதைவிட்டு வாங்கலாயினர். 1970களின் நடுவில், சலவைச் சாலையின் பின்புறத்திற் பிறந்த ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தையும் ஸ்பியரின் நிறுவனத்தையும் ஓமார்க் என்ற ஒரே பெருநிறுவனம் வாங்கிவிட்டது. பஞ்சம் பெற்றெடுத்த சிறு பட்டறை மூலதனத்தின் மடியிற் சென்று சேர்ந்தது. சந்தையின் நடுவே நிற்கும் சிறு உற்பத்தியாளன் நெடுநாள் சிறியவனாக இருப்பதில்லை. வளர்கிறான், அல்லது விழுங்கப்படுகிறான்.

இரண்டாவது தவறுக்கும் மறுமொழி உண்டு. எறியப்பட்டதை மீட்டுப் பயன்கொள்வதும், நூலிழையளவு வேறுபாட்டையும் கண்டுணரும் கைத்திறனும் மனித உழைப்பின் உயர்ந்த பண்புகளே. அப்பண்புகள் ஒரு சமுதாயத்தில் எதற்காகச் செலவிடப்படுகின்றன என்பதே வினா. மக்களுக்கு வேண்டிய பொருள்களின் உற்பத்தியை யுத்தம் விழுங்கிவிட்ட காலத்தில், கைத்திறனுள்ள மனிதன் சன்னம் செய்தான். அது அவன் குற்றமன்று. அவன் காலத்தின் குற்றம்.

5

மெல்லிய பித்தளை உறையுள்ள அச்சிறு சன்னம் வேகமாகச் சென்று பட்டதும் சிதறிவிடும். வேட்டைக்காரன் அதனையே விரும்பினான். விலங்கு துடிக்காமல் உடனே மாளும். கல்லிற் பட்டாலும் தெறித்துச் சென்று அயலானைக் காயப்படுத்தாது. இங்கே சரித்திரத்தின் முரண்பாடொன்று வெளிப்படுகிறது. போர்க்களத்திற் கொடுமை என்று தடுக்கப்பட்ட அதே விரியும் இயல்பு, வேட்டையிலே கருணை என்று போற்றப்படுகிறது. பெருவிலங்கு வேட்டைக்கு முழுவுறைச் சன்னத்தைச் சட்டத்தால் தடைசெய்த இடங்களும் உள. உலோகம் ஒன்றே. அதன் ஒழுக்கம் உலோகத்தில் இல்லை. அது ஏவப்படும் உறவில் இருக்கிறது.

இம்முரண்பாடு விலங்கோடு முடிந்துவிடவில்லை. 1998இல் உருவான றோம் சாசனம், அரசுகளுக்கிடையேயான போரில் விரியும் சன்னத்தைப் பயன்படுத்துவதை யுத்தக் குற்றமாக்கியது. உள்நாட்டுப் போர்களுக்கும் அவ்விதியை விரித்த திருத்தம் 2010இலேயே கம்பாலாவில் நிறைவேறியது. ஹேக் பிரகடனத்திலிருந்து கணக்கிட்டால் 111 ஆண்டுகள். எனினும் போர் என்று பெயரிடப்படாத இடத்தில், பல நாடுகளின் பொலிசார் அத்தகைய சன்னங்களையே ஏந்துகின்றனர். கூட்டமுள்ள தெருவில் அது ஒருவனை ஊடுருவி மற்றொருவனைத் தாக்காது என்பது அவர்கள் கூறும் நியாயம். நியாயம் இருக்கலாம். ஆயினும் பகைநாட்டுச் சிப்பாயின்மீது ஏவக்கூடாததைச் சொந்த நாட்டுக் குடிமகன்மீது ஏவலாம் என்ற நிலையைச் சட்டம் அமைதியாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஈயத்தின் கடைசிக் கணக்கு இன்னும் எஞ்சியிருக்கிறது. கரண்டியில் உருக்கியவனின் மூச்சிலும், அழுத்தியபின் கைகழுவாமல் உணவுண்டவனின் குருதியிலும், தூசியில் விளையாடிய பிள்ளையின் மூளையிலும் ஈயம் படிந்தது. வேட்டையில் சிதறிய துகள்கள் விலங்கின் குடலில் எஞ்சின. அதனை உண்ட கழுகுகள் மாண்டன. கலிபோர்னியாவின் கொண்டோர் என்னும் பெருங்கழுகு 1982இல் 22 மட்டுமே எஞ்சியது. 1987இல் எஞ்சியிருந்த 27 பறவைகளும் பிடிக்கப்பட்டுக் கூடுகளில் வளர்க்கப்பட்டன. அவற்றின் குஞ்சுகள் மீண்டும் வானில் விடப்பட்ட பின்னரும் ஈயநஞ்சே அவற்றின் முதற் பகையாக இருந்துவருகிறது. 2019 ஜூலை 1ஆம் திகதி முதல் கலிபோர்னியா மாநிலம் வேட்டையில் ஈயச் சன்னத்தை முற்றாகத் தடைசெய்தது. ஒரோவில் பட்டறையின் மாநிலமே ஈயத்துக்கு விடைகொடுத்தது. இப்போது அகமும் புறமும் செம்பாகவே அமைந்த சன்னங்கள் விற்கப்படுகின்றன.

ஒரு பறவைக்காக ஓர் உலோகத்தைத் தடைசெய்ய ஒரு சமுதாயத்தால் முடிகிறது, அது நல்லதே. அதே அக்கறை 1898இல் ஒம்டுர்மான் வெளியிற் கிடந்தோருக்குக் கிடைக்கவில்லை. அவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதிவைத்தபின் எந்தச் சன்னமும் செல்லுபடியாயிற்று. சன்னத்தைச் செய்யுமுன் சொல்லைச் செய்தார்கள். இதனை வகுப்பறையிற் சரித்திரம் போதிக்கும் ஆசிரியரும், பரீட்சைக்காக ஆண்டுகளை மனனஞ் செய்யும் மாணவரும் மறத்தலாகாது. போர்களின் பெயரும் தளபதிகளின் பெயரும் நம் பாடநூல்களில் உண்டு. டம்டம் சாலையிலே தண்ணீர் கேட்ட தொழிலாளியின் பெயர் எவ்வறிக்கையிலும் இல்லை. லிச்பீல்டிற் கைசுட வார்த்த பெண்களை எண்ணுவோர் சிலரே. டம்டமில் உறையின் முனையை நாள்தோறும் நீக்கிய கூலிகள் யாவரென எவரும் கேட்டதில்லை.

ஆகவே எந்தக் கருவியைக் கண்டாலும் நாம் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று. அச்சு யார் கையில் இருக்கிறது? அதனைச் செய்தவனுக்குக் கிடைத்தது என்ன? அது எவன்மீது ஏவப்படுகிறதோ, அவனை மனிதன் என்று எழுதியிருக்கிறார்களா, இல்லையா? இவ்வினாக்களைக் கேட்கப் பழகிய தலைமுறையொன்றை உருவாக்குவதே சரித்திரக் கல்வியின் பணி. அடுப்படியில் மன்னனின் சிலையை உருக்கிய கைகளுக்கும், பாளையத்திலே சன்னத்தின் முனையைத் தேய்த்த கைகளுக்கும் வேறுபாடு கைகளில் இல்லை. அவை எவருக்காக உழைத்தன என்பதிலேயே இருக்கிறது.